மணல் பயணிகள்

"ஆளே இல்லாத ரயிலுக்கு டாட்டா காட்டுனா, திருப்பி யாரு அத்தா காட்டுவாங்க?"

மகள் ஷிபா இதைக் கேட்டபோது ஹுமாயூன் வாய் நிறைய பற்பசை நுரையோடு நின்றிருந்தான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டின் மொட்டை மாடிக்கு நேராக, தூண்களுக்கு மேல், புது மெட்ரோ ரயில் அதிகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. இருக்கைகள் காலியாக இருந்தன. டிரைவர் இல்லாமலே ஓடும் ரயில் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண், கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி மறையும்வரை கையை ஆட்டினாள். பிறகு தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தாள்.

ஹுமாயூன் துப்பிவிட்டு வந்து சிரித்தான். "காட்டலன்னா இன்னா இப்போ? நீ காட்டுனது காட்டுனதுதான்."

"ஸலாம் சொன்னா பதில் சொல்லியே ஆவணும், அது கடன்னு மதரஸால உஸ்தாத் சொன்னாரே. ரயிலுக்கு மட்டும் கடன் இல்லியா?"

கீழே மனைவி ஷாகிதாவின் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "போய் அம்மாவ கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஆனாலும் அந்தக் கேள்வி சட்டைப் பையில் போட்ட சில்லறை மாதிரி அன்று பூராவும் அவனோடு குலுங்கிக்கொண்டே வந்தது.

ஹுமாயூன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷேர் ஆட்டோ ஓட்டியவன். பூந்தமல்லியிலிருந்து போரூர் வரைக்கும் ட்ரங்க் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவன் முதுகுக்குத் தெரியும். மெட்ரோவுக்குத் தூண் எழுப்ப ஆரம்பித்த வருஷங்களில் ரோடு பாதியாயிற்று, சவாரி பாதியாயிற்று, தூசி மட்டும் கூடியது. ரயில் ஓட ஆரம்பித்தால் மீதிச் சவாரியும் மேலே ஏறிப் போய்விடும் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஷாகிதாவுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். அவள் ஆட்டோக்களுக்கு மேல் கூரைத் துணியும் சீட் கவரும் தைப்பவள். புருஷன் ஓட்டுவதும் ஆட்டோ, அவள் தைப்பதும் ஆட்டோவுக்கு. "ஊட்ல ரெண்டு பேரு காலும் ஒரே செருப்புல கீது. அது அறுந்தா ரெண்டு பேரும் வெறுங்காலுதான்" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கவேல் மேஸ்திரி ஸ்டாண்டுக்கு வந்தார். காண்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் புது ரயிலைப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும், மணல் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு புகாரும் இல்லாம வேலய முடிச்சிக் குடுக்கறவன் பேர, ஸ்டேஷன் தொறக்கறப்போ நானே சொல்லி உள்ள போடுவேன். யூனிபார்ம் போட்டுகினு, ஜனங்களுக்கு வழி காட்டிகினு நிக்கலாம். வெயில் கெடயாது, மழை கெடயாது."

ஸ்டாண்டில் மூத்தவரான இருதயராஜ் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "நம்ம சவாரிய புடுங்க வர்ற ரயிலுக்கு நாமளே மூட்ட தூக்கணுமா? நல்லா கீதுபா உங்க நாயம்."

ஹுமாயூன் கையைத் தூக்கினான். பக்கத்தில் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டில்லிபாபு, "பாய் போனா நானும் போறேன். பாய் ஊட்டு டிபன் பாக்ஸ வுட்டுட்டு நான் எங்க போய் சாப்புடறது?" என்றான். இருவரும் ஒரே ஸ்டாண்டில் ஒரே பாதையில் வருஷக்கணக்காக சவாரிக்குச் சண்டை போட்டு, ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள்.

அந்த ஐப்பசி மழையில், பணிமனையில், ரயிலை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தபோது ஹுமாயூனுக்குத் தன் பெண்ணின் வயசு வந்துவிட்டது. கதவு தானாகத் திறந்தது. எதையோ யோசித்ததுபோல் கொஞ்சம் நின்று, தானாக மூடியது. "இதுக்கு யாரு சொல்றா?" என்று கதவைச் சுற்றிச் சுற்றி வந்தான். பரத் என்ற இளைய இன்ஜினியர் அவர்களுக்குப் பொறுப்பு. கோபிப் பக்கத்துப் பையன், ஐயப்பன்தாங்கலில் நண்பர்களோடு ஃப்ளாட்டில் இருக்கிறான். கேள்வி கேட்டால் கோபப்படாத ஜாதி.

"ஒரு ஆளுக்கு ரெண்டு சின்ன மூட்டைங்கண்ணா. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சீங்கன்னா ஒரு பயணி. ரயில் தன் மேல எவ்ளோ பாரம் இருக்குன்னு தானே பாத்துக்கும். அதுக்குத் தக்கன பிரேக் பிடிக்கும். அது சரியாப் பாக்குதான்னு நாம பாக்கணும். அதனால எங்க எத்தன பேருன்னு சாக்பீஸ்ல குறிச்சிருக்கோம், அதுக்கு மேல ஒண்ணு வேண்டாம், கீழ ஒண்ணு வேண்டாம்."

"நிக்கறவங்க?"

"அவங்களுக்கும் தரையில வட்டம் போட்டிருக்குதுங்கண்ணா."

கீழ் மூட்டை இடுப்பு மாதிரியும் மேல் மூட்டை நெஞ்சு மாதிரியும் உட்கார, ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு தலையில்லாத மனிதன் முளைத்தான். ஹுமாயூனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வாங்க வாங்க, காராஞ்சாவடி, குமணஞ்சாவடி, காட்டுப்பாக்கம், போரூர்! அண்ணாத்தே, கொஞ்சம் நவுந்து குந்து. அம்மா, கொய்ந்தய மடில வெச்சிக்கோ." டில்லிபாபு தரையில் மூட்டை இறக்கிக்கொண்டே, "சில்லற இல்லாதவன்லாம் எறங்கு" என்பான். நனைந்தால் மணல் எடை கூடிவிடும் என்று மூட்டைகளைத் தார்ப்பாயில் போர்த்தி வைத்திருந்தார்கள். மனுஷனை இவ்வளவு பத்திரமாக நாம் எப்போதாவது மழையிலிருந்து காப்பாற்றியிருக்கிறோமா என்று ஹுமாயூன் நினைத்துக்கொண்டான்.

மூன்று பெட்டிகள். முதல் பெட்டி வேறு ஆட்களுக்கு. நடுப்பெட்டி ஹுமாயூன் பேரிலும் கடைசிப்பெட்டி டில்லிபாபு பேரிலும் இருந்தன. ஆனால் டில்லிபாபுவுக்கு இடுப்பில் பழைய வலி; உயரத்துக்குத் தூக்கினால் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. இரண்டு பெட்டியிலும் இருக்கைகள் ஹுமாயூனுக்கு, தரை டில்லிபாபுவுக்கு. மேஸ்திரிக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ரயில் ஓடும்போது மூட்டை சரிகிறதா என்று பார்க்கப் பெட்டிக்கு ஒருவர் உள்ளேயே போக வேண்டும். அப்போது மட்டும் அவரவர் பெட்டிக்குப் போவார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டின்போது ஹுமாயூன் மகள் கேட்டதைச் சொன்னான். டில்லிபாபு வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் கேட்டான்.

"கடன்னா சொல்லுச்சு கொய்ந்த?"

"கடன்னுதான் சொல்லுச்சு."

"பெரிய ஆளுதான்" என்று சொல்லிவிட்டு டில்லிபாபு மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுப் படி ஏறும்போதே ஷிபா ஓடி வந்தாள். "அத்தா, ஒரு மூட்ட எனக்கு டாட்டா காட்டிச்சு. கடைசிப் பெட்டில. பச்சை கட்டம் போட்ட துண்டு வெச்சிக்கினு, இப்டி இப்டி."

பச்சைக் கட்டம் போட்ட துண்டு டில்லிபாபுவுடையது. வேலையில்லாத நேரத்தில் தோளில் கிடக்கும், வேலை நேரத்தில் தலையில் இருக்கும். மறுநாள் ஹுமாயூன் கேட்டான்.

"நீயா காட்டுன?"

"நானா? எனக்கு வேற வேல இல்லியா? மூட்டைல எவனாச்சும் காட்டியிருப்பான். நல்லா விசாரி."

அதன் பிறகு தினமும் காலையில் மூட்டை கை காட்டியது. டில்லிபாபுவின் பெண் வர்ஷாவும் காராஞ்சாவடியில் தன் வீட்டு மாடியில் நின்று பார்ப்பாளாம். அவளுக்கும் துண்டு ஆட்டம் உண்டு. "ஒரு கொய்ந்தைக்குக் காட்டிட்டு இன்னொரு கொய்ந்தைக்குக் காட்டாம வந்தா வர்ஷா ஊட்டுக்குள்ள சேத்துக்க மாட்டா" என்று கடைசியில் டில்லிபாபுவே ஒப்புக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. மத்தியானம் ஓட்டம் இருந்தது. அதற்குள் மூட்டைகளை ஏற்ற வேண்டும். ஜும்மா தொழுகைக்குப் போக ஹுமாயூன் முன்னாடியே அனுமதி வாங்கியிருந்தான். தான் இல்லாத ஓட்டத்தில் முதல் பெட்டிக்காரர் ஒருவர் நடுப்பெட்டியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நடுப்பெட்டியில் பரத் கூடவே நின்றதால் ஒவ்வொரு மூட்டையும் சாக்பீஸ் கோட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது. பிறகு பரத்தை வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹுமாயூன் கடைசிப்பெட்டியின் இருக்கைகளைத் தனியாக நிரப்பினான்.

ஈரக் காலும் ஈரக் கையும் பட்டு அங்கே கோடுகள் கலைந்திருந்தன. பள்ளிவாசலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் கண் கோட்டைத் தேடவில்லை, இடத்தைப் பார்த்தது. இத்தனை வருஷமும் அவன் கண் செய்த வேலை அது ஒன்றுதான். மூன்று பேர் அகலத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி தெரியும். அங்கே நாலாவது ஆளுக்கு இடம் இருக்கிறது என்று கண் சொல்லும். "நவுந்து குந்துபா, இன்னும் ஒரு ஆளு வரட்டும்" என்று அவன் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு மிச்சக் குவியலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நீள இருக்கையிலும் ஒரு பயணி கூடுதலாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஹுமாயூன் கையைக் கழுவிக்கொண்டு தொழப் போனான்.

திரும்பி வந்தபோது பணிமனையில் ஒரு மாதிரியான அமைதி. தங்கவேல் மேஸ்திரி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ பொயச்ச போ. அந்த டில்லிபாபு பண்ண வேலயப் பாத்தியா? ஓட்டத்துல பாரக் கணக்கு ஒதைக்குது. பெரிய ஆபீசருங்க ரயில்லதான் கோளாறுன்னு அடில படுத்துப் பாக்கறாங்க. அப்பால பரத் சார்தான் மூட்டய எண்ணிப் பாத்தாரு. அவன் பொட்டில சீட்டுக்கு ஒருத்தன் எக்ஸ்ட்ரா. கேட்டா, 'ஷேர் ஆட்டோ ஓட்டுன கை சார், பயக்க தோசம்'ன்றான். பாதி பேருக்குச் சிரிப்பு, பாதி பேருக்குக் கோவம். ஒரு நாளு பூரா வேஸ்ட்டு. அனுப்சிட்டேன். நீயாச்சும் ஒயுங்கா இரு, உன் பேருதான் மொத பேரு."

ஹுமாயூன் வாயைத் திறந்தான். யூனிபார்ம் ஞாபகம் வந்தது. ஷாகிதாவின் ஒரே செருப்பு ஞாபகம் வந்தது. "சரி மேஸ்திரி" என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் வீட்டில் பையை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமைகளில் ஷாகிதா இரண்டு டப்பா கட்டுவாள். ஹுமாயூனுக்கு நெய்ச்சோறும் கறி போட்ட தாளிச்சாவும். வெள்ளிக்கிழமை டில்லிபாபு கவுச்சி தொடமாட்டான் என்பதால் அவனுக்கென்று, வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியால், கத்தரிக்காயும் மாங்காயும் மட்டும் போட்டுத் தனித் தாளிச்சா. மூடி இறுகியபடியே இருந்த அந்த டப்பாவை அவள் பையிலிருந்து எடுத்தாள்.

"டில்லி அண்ணன் சாப்புடல?"

"இல்ல."

"ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறான்."

ஷாகிதா மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, பாதி தைத்த ரெக்ஸினை இழுத்து, ஒரு ஓரம் தைத்தாள். பிறகு காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். "சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். மூட்டை, கோடு, ஜும்மா, மேஸ்திரி, எல்லாம். ஷிபா பக்கத்து அறையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற சத்தம் நடுநடுவே வந்தது.

"வேல போயிடும்னு சொல்லாம இருந்துட்டீங்க."

"ம்."

"எனக்கும் அந்த வேல வேணும்தான். யூனிபார்ம நானே தெச்சிக் குடுத்து, நீங்க போட்டுகினு நிக்கற மாதிரி பாத்து பாத்து வெச்சிகினு கீறேன்." டப்பாவைக் கையில் எடுத்தாள். "ஆனா இந்த டப்பாவ நான் எப்டி கவுக்கறது? கீழ கொட்டவா? நீங்களே சொல்லுங்க."

அவள் டப்பாவைத் திறக்காமலே ஜன்னல் மேடையில் வைத்தாள். இரவு இஷா தொழுகைக்கு நின்றபோதும் அது அவன் கண்ணோரத்திலேயே இருந்தது. மனிதன் செய்கிற தவறுகளில் பாதியைக் கை செய்கிறது. அதை ஆண்டவன் சுலபமாக மன்னித்துவிடுவான் என்று ஹுமாயூனுக்கு நம்பிக்கை உண்டு. மீதியை வாய் மூடிக்கொண்டு செய்கிறது. அதற்கு என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபடி கிடந்தான்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஸ்டாண்டில் டில்லிபாபு தன் ஆட்டோவின் பின் சீட்டிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டிருந்தான். தோளில் துண்டு இல்லை.

"இன்னா பாய், நேத்து ஊட்ல தாளிச்சாவா? வாசன காராஞ்சாவடி வரிக்கும் வந்துச்சு."

"விளையாடாத டில்லி. ஏன் உன் பேர சொல்லிகின?"

"எம்பொட்டிதான அது? எம்பேருதான எய்தி ஒட்டிகீது?"

"மூட்ட வெச்சது நான்."

"தெரியும். எண்ணும்போதே தெரியும். நீ வெச்சா ரெண்டு மூட்டயும் மூஞ்சிய ஒரே பக்கம் திருப்பிகினு இருக்கும், கல்யாணத்துக்குப் போட்டா எடுக்கற மாதிரி."

"அப்பால ஏன் சொல்லல?"

டில்லிபாபு சீட்டைத் திருப்பிப் போட்டான். "அந்த நேரத்துல நீ எங்க நின்னுகினு இருந்த? சாமி முன்னாடி. அங்க கை கட்டிகினு நிக்கறவன, முதுகுக்குப் பின்னாடி இங்க காட்டிக் குடுக்கறதா? எனக்கு வாய் வரல பாய். அவ்ளோதான், பெரிசா ஒண்ணும் இல்ல. அதோட நீ எதுக்கு எம்பொட்டில மூட்ட வெச்ச? என் இடுப்புக்குத்தான?"

"வேல போச்சே உனக்கு."

"எனக்கு யூனிபார்ம் போட்டா இடுப்புல நிக்காது" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஊட்ல சரசாகிட்ட இன்னும் சொல்லல. நேத்து எங்க வர்ஷாதான் புட்ச்சிகிச்சு. ஸ்கூல் மழைக்கு லீவு வுட்டானா, மாடில நின்னுகினு இருந்துருக்கு. மேஸ்திரி என்ன அனுப்சதுக்கு அப்பால ரயிலு மறுபடி ஒரு நட போச்சில்ல? 'இன்னாப்பா, நீ கை காட்டவே இல்ல'ன்னுது. கண்ணாடில மழைத் தண்ணிம்மா, அதான் உனக்குத் தெர்ல, நான் காட்டுனேன்னுட்டேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் நிக்கும். மழ வேற இல்ல." வானத்தைப் பார்த்தான். "ரெண்டு நாள்ல மறந்துடும், வுடு. சவாரி வருது."

ஹுமாயூன் பணிமனைக்குப் போகும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனான். பரத்தைப் பார்த்ததும் அடுக்கினது எல்லாம் சரிந்தது.

"சார், நேத்து அந்த மூட்ட டில்லி வெச்சதில்ல. நான் வெச்சது."

பரத் கையிலிருந்த டீயை வைத்தான். கண்ணின் கீழ் தூக்கமில்லாத கருப்பு. "நேத்தே ஏன் சொல்லலீங்கண்ணா?"

"பயம் சார்."

"ஓட்டத்துக்கு முன்னாடி எண்ணிப் பாக்க வேண்டியது நான்தான். மழைன்னு அந்தப் பெட்டிக்குப் போகாம சரின்னு சொல்லிட்டேன். யாரோட தப்புன்னு பெரிய ஆபீசர் கேட்டப்ப, டில்லியண்ணன் முந்திட்டு 'என் தப்பு'ன்னாரு. எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சுங்கண்ணா." டீயை எடுத்தான், குடிக்கவில்லை. "வாங்க, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்."

சொன்னார்கள். பெரிய அதிகாரி நீண்ட நேரம் பேசினார். அதில் பெரும்பகுதி இங்கிலீஷில் பரத்துக்குப் போனது. தமிழில் வந்தது தங்கவேல் மேஸ்திரியிடமிருந்து.

"நானே உன்ன மொத பேருன்னேன். இப்போ என் வாயில மண்ணு. ஒரு புகாரும் இல்லாதவன்னுதான் சொல்லிருக்கேன், அத மாத்த முடியாது. திங்கக்கெயமயிலேர்ந்து டில்லிபாபு வரட்டும், அவன் பேரு கீது. உன் பேரு கெடயாது. இன்னிக்கு ஆளு பத்தல, ஓட்டத்த முடிச்சிட்டுப் போ."

"சரி மேஸ்திரி" என்றான் ஹுமாயூன். நேற்றுச் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான். வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை வந்தது. மத்தியானம் போய் ஆட்டோ பேட்டரியைப் பார்க்க வேண்டும், ஒரு மாசமாக ஓடாமல் கிடக்கிறது என்ற யோசனையும் கூடவே வந்தது. கூடவே பசியும் எடுத்தது. நேற்று இரவிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கடைசிப்பெட்டில நான் போறேன் சார்" என்று பரத்திடம் கேட்டுக்கொண்டான்.

இன்று கோடுகளைப் புதிதாக அழுத்திப் போட்டிருந்தார்கள். கூடுதல் பயணிகளை இறக்கியாகிவிட்டது. ஒவ்வொரு நீள இருக்கையிலும் ஒரு இடைவெளி கிடந்தது. அவன் கண்ணுக்கு அது இன்னமும் காலி இடமாகத்தான் தெரிந்தது. ஒரு ஆள் வந்து உட்காரலாம். கதவோரக் கம்பியில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு தொங்கியது. நேற்று இறக்கிவிட்ட வேகத்தில் டில்லிபாபு விட்டுவிட்டுப் போனது.

கதவுகள் யோசித்து மூடின. ரயில் நகர்ந்தது. யாரும் ஓட்டாத அந்த நகர்வு இத்தனை நாளுக்குப் பிறகும் அவனுக்கு ஆச்சரியம்தான். பைபாஸ் கீழே போயிற்று. தேங்கிய மழைநீரில் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. தன் வீட்டு மொட்டை மாடி வந்தது. சனிக்கிழமை ஷிபா மதரஸாவுக்குப் போயிருப்பாள். கொடியில் துணிகளும், காயப்போட்ட கருப்பு ரெக்ஸினும் மட்டும் ஆடின. ஜன்னல் மேடையில் ஷாகிதா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாளா என்று பார்த்தான். அதற்குள் வீடு பின்னால் போய்விட்டது.

பிறகு, எந்தப் பக்கம் என்று நினைவுபடுத்திக்கொண்டு எழுந்தான். கம்பியிலிருந்து துண்டை எடுத்தான். இருக்கை முழுக்க, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணல் பயணிகள். நேற்றுப்போல் நெருக்கி வைத்திருந்தால் கண்ணாடியை எட்டியிருக்க முடியாது. இரண்டு பயணிகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியில் ஒரு முழங்காலை ஊன்றினான். "கொஞ்சம் நவுந்துக்கபா" என்று பழக்கத்தில் சொன்னான்.

காராஞ்சாவடி நெருங்க ரயில் வேகத்தைக் குறைத்தது. தண்ணீர்த் தொட்டிகள், டிஷ் ஆன்டெனாக்கள், ஒரு மாடியில் தொட்டிச் செடிகள். அதற்கு அடுத்த மாடியில், கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டாததால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு ஒரு சின்னப் பெண். முதல் பெட்டியைப் பார்த்தாள். நடுப்பெட்டியைப் பார்த்தாள்.

ஹுமாயூன் தன் முகம் தெரியாதபடி மூட்டையின் பின்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு, துண்டைக் கண்ணாடியில் வைத்து ஆட்டினான். இப்படி இப்படி.

பெண் இரண்டு கையையும் தூக்கினாள். ஸ்டூலில் குதித்தாள். வாய் அசைந்தது. கண்ணாடி தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. மாடி மெல்ல நழுவி, தொட்டிகளுக்குப் பின்னால் மறைந்தது. அது மறைந்த பிறகும் அவன் கை சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

இருக்கையிலிருந்து இறங்கி, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். பயணிகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹுமாயூன் துண்டை உதறி, நான்காக மடித்து, எடுத்த கம்பியிலேயே திங்கட்கிழமைக்காகத் திரும்பப் போட்டான்.